ஆள் சேர்ந்தால்தான் ஏவுதல்: யாழ்ப்பாணத்து வயலில் நீர் ரொக்கெட் விடுவது பற்றி

எங்கள் சனசமூக நிலையத்துப் பிள்ளைகளோடு நீர் ரொக்கெட் விடத் தொடங்கியதிலிருந்து நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி ஒன்று உண்டு. "ஒரு சோடாப் போத்தலைப் பறக்கவிட ஏன் ரீச்சர் இத்தனை பேர்?" பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். கிராம சேவையாளர் கேட்டிருக்கிறார். எங்களைப் பார்த்துத் தங்கள் ஊரிலும் செய்ய விரும்பி வந்தவர்களும் முதலில் இதைத்தான் கேட்டார்கள். எங்களிடம் ஒரு விதி இருக்கிறது: பதினொரு பேர் வேலைக்கு வராவிட்டால் அன்றைக்கு ஏவுதல் இல்லை. வானம் தெளிந்திருந்தாலும், காற்று அடங்கியிருந்தாலும், பிள்ளைகள் போத்தலோடு வந்து வரிசையில் நின்றாலும் இல்லை.

அந்தச் சோடாப் போத்தலுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை லீற்றர் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, மிகுதி இடத்துக்குச் சைக்கிள் பம்மால் காற்று அடிக்கிறோம். எங்கள் உச்ச அழுத்தம் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்), அதாவது கார் ரயருக்கு அடிப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. போத்தலை ஏவுதளத்தில் பிடித்திருக்கும் பூட்டைக் கயிற்றால் இழுத்து விடுவித்தவுடன் அந்தக் காற்று தண்ணீரைக் கீழே தள்ள, போத்தல் கண் இமைக்கும் நேரத்தில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டிவிடும். நேரே மேலே போனால் பனை உயரத்தைத் தாண்டும். சரிந்து போனால் அதே வேகத்தில் யாருடைய முகத்தை நோக்கியும் போகும். வெறும் பிளாஸ்ரிக்தானே என்ற எண்ணம்தான் இதில் இருக்கும் மிகப் பெரிய ஆபத்து.

மருந்து நிரப்பிய மோட்டார் ரொக்கெட் பற்றிப் பெடியள் அடிக்கடி கேட்பார்கள். யூரியூப்பில் பார்த்திருப்பார்கள். அதற்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம். வெடிமருந்து சம்பந்தப்பட்ட எதற்கும் இந்த நாட்டில் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை விட்டாலும், வீட்டில் மருந்து கலக்கப் போய் விரலையும் கண்ணையும் இழந்த பிள்ளைகளின் கதை எல்லா நாட்டிலும் இருக்கிறது. அமெரிக்காவில் 1950களில் மாதிரி ரொக்கெட் பொழுதுபோக்கு உருவானதே அந்தக் காரணத்தால்தான். ஓர்வில் கார்லைல் என்பவர் 1954இல், சிறிய மோட்டாரைப் பாதுகாப்பாகப் பொருத்திப் பறக்கவிடும் மாதிரியை உருவாக்கினார். 1957இல் அங்கே தேசிய ரொக்கெட்டரி சங்கம் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் பாதுகாப்பு விதிகளில் எங்கள் போத்தலுக்கும் பொருந்துபவை பல. ஏவுமுன் எல்லோருக்கும் கேட்க ஐந்து செக்கன் எண்ண வேண்டும். நேர்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சரிக்கக்கூடாது. காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் விடக்கூடாது. ஏவல் பிழைத்தால் 60 செக்கனுக்கு யாரும் கிட்டப் போகக்கூடாது. மின்கம்பியில் சிக்கியதை எடுக்கப் போகக்கூடாது. இவற்றை அப்படியே தமிழில் எழுதி, களத்துக்குப் போகும் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஆனால் விதியை ஒட்டி வைப்பது சுலபம். வெயிலுக்குள், இருபது முப்பது பிள்ளைகள் கத்திக்கொண்டு நிற்கும்போது, அதை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. பம் அடிப்பவர் அழுத்தமானியைத்தான் பார்ப்பார். கயிறு இழுப்பவர் போத்தலைத்தான் பார்ப்பார். போத்தல்களைப் பரிசோதிக்கும் சோதனை மேசையில் இருப்பவருக்கு அடுத்த பிள்ளையின் ரொக்கெட் செட்டைதான் கண்ணில் நிற்கும். முழுக் களத்தையும் பார்க்க ஒருவர் வேண்டும், அவருக்கு வேறு எந்த வேலையும் இருக்கக்கூடாது. எங்கள் கழகத்தில் அவரை விசில்காரர் என்கிறோம். அவர் விசில் ஊதினால் எல்லாம் நிற்கும். ஏன் ஊதினீர்கள் என்று அந்த இடத்தில் யாரும் கேட்கக்கூடாது. கேள்வியெல்லாம் பிறகு, நிழலில் இருந்து.

இதைக் கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். எங்கள் ஊர்களில் நடைமுறையில் இதுதான் மிகக் கடினம். எங்கள் விசில்காரர்களில் ஒருவர் முன்பள்ளியில் படிப்பிக்கும் அக்கா. வயது முப்பதுக்குள். ஒரு பங்குனிக் காலையில் கயிற்றை இழுத்தும் போத்தல் பூட்டிலிருந்து விடுபடவில்லை. 60 பி.எஸ்.ஐ. உள்ளே இருக்கிறது. போத்தல் அப்படியே நிற்கிறது. பார்வையாளரை மறித்துக் கட்டிய கயிற்றுக்குப் பின்னாலிருந்து, ஊரில் எல்லோரும் எழுந்து நின்று மரியாதை கொடுக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் கையில் ஒரு பூவரசந் தடியோடு ஏவுதளத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். அக்கா விசிலை ஊதிவிட்டு நேரே போய் அவருக்கு முன்னால் நின்றா.

"ஐயா, குறை நினையாதேங்கோ. கயிற்றுக்கு அங்கால போய் நில்லுங்கோ."

"நான் தடியால ஒருக்காத் தட்டிவிட்டிட்டு வாறன் பிள்ளை. சனம் வெயிலுக்க காயுது."

"தட்டேலாது ஐயா. உள்ளுக்க காத்து இருக்கு. தட்டினவுடன எந்தப் பக்கம் போகுமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு தடியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்தோம். பிறகு, ஏவுதளத்துக்குக் கிட்டப் போகாமல், பம்மின் பக்கமாக ரியூபில் பொருத்தியிருக்கும் திறப்பு வால்வை மெல்லத் திறந்தார் சைக்கிள் கடை ஐயா. முதலில் தண்ணீர்தான் பின்னோக்கி வந்து அவர் சாரத்தை நனைத்தது. அதன் பிறகுதான் சீறிக்கொண்டு காற்று வந்தது. மானியின் முள் பூச்சியத்தில் வந்து தட்டும் வரை அக்கா விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால், இழுகயிறு அறுத்த நெல்லின் அடிக்கட்டையில் சிக்கி இருந்தது. யாராவது குனிந்து தட்டியிருந்தால் கயிறு விடுபட்டு, போத்தல் அவர் நெஞ்சுக்கு நேரே கிளம்பியிருக்கும். இப்போது கயிறு ஓடும் வழியில் அடிக்கட்டையை மண்வெட்டியால் செதுக்கி, மேலே ஒரு பலகை போடுகிறோம்.

அன்றைக்கு அந்த அக்காவுக்குத் துணிவு இருந்தது. எல்லோரிடமும் அந்தத் துணிவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வயதில் மூத்தவரை, அதுவும் ஒரு அதிபரை, ஒரு இளம்பெண் சனத்துக்கு முன்னால் மறிப்பது எங்கள் பழக்கத்துக்கு மாறான விடயம். ஆகவே அந்த அதிகாரத்தை ஊரே பார்க்கக் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். இப்போது ஒவ்வொரு ஏவல் நாளும் இப்படித்தான் தொடங்கும்: வந்திருப்பவர்களில் வயதில் மூத்தவரை முன்னுக்கு அழைத்து, அவர் கையால் விசிலை விசில்காரரிடம் கொடுப்பிக்கிறோம். "இண்டைக்கு இந்தப் பிள்ளை சொல்லுறதுதான் சட்டம்" என்று அவரே சொல்லுவார். அந்த அதிபர் ஐயாவே அதன் பிறகு பல தடவை அப்படிக் கொடுத்திருக்கிறார். மூத்தவர் சொன்ன பிறகு மற்றவர்கள் கயிற்றைத் தாண்டுவதில்லை.

இன்னொன்றும் செய்கிறோம். ஒரு நாளில் ஒரு தடவையாவது, எந்தப் பிழையும் இல்லாமலே, விசில்காரர் எண்ணிக்கையின் நடுவில் ஊதி நிறுத்த வேண்டும். பம் அடிப்பவர் கை எடுக்கிறாரா, கயிற்றுக்காரர் கயிற்றை நிலத்தில் போடுகிறாரா, எல்லையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களா என்று தெரிந்துவிடும். அதோடு, நிறுத்துவது ஒரு பெரிய சம்பவம் என்ற கூச்சமும் போய்விடும். கூச்சம்தான் விசிலை வாய்க்குக் கொண்டுபோகாமல் தடுப்பது.

விசில்காரர் கையில் தொலைபேசி இருக்கக்கூடாது. அவருடைய பிள்ளையின் முறை வந்தால் விசில் வேறு ஒருவருக்குக் கைமாற வேண்டும், ஏனென்றால் எந்தத் தாயும் தகப்பனும் அந்த நேரத்தில் களத்தைப் பார்க்கமாட்டார்கள், தங்கள் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும். வெறுமனே நின்று பார்ப்பது களைப்பான வேலை. பம் அடிப்பதைவிடக் களைப்பு.

மற்றப் பத்துப் பேரை எங்கே தேடுவது? விஞ்ஞானம் படித்தவர்களைத் தேடிப் போனால் ஆள் கிடைக்காது என்பது எங்கள் அனுபவம். கிடைத்தாலும் அவர்கள் எல்லோரும் ரொக்கெட்டுக்குக் கிட்ட நிற்கத்தான் விரும்புவார்கள். ஊரில் ஏற்கெனவே அந்தந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பம்முக்கு எங்கள் சைக்கிள் கடை ஐயா. காற்று எங்கே கசிகிறது என்று காதால் கண்டுபிடிப்பார். மானியில் 60க்கு நேரே நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார். "இன்னும் ஒரு அடி, ஐயா, ஒரு அடி" என்று பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் அந்தக் கோட்டைத் தாண்டமாட்டார். எண்ணுவதற்குத் தனியார் பஸ்ஸில் கொண்டக்ரராக இருக்கும் தம்பி ஒருவர். ஒலிபெருக்கி பழுதானாலும் கவலை இல்லை, "ஐஞ்சு, நாலு" என்று அவர் தொடங்கினால் வயலின் மற்றக் கரையில் மாடு மேய்ப்பவரும் நிமிர்ந்து பார்ப்பார். சோதனை மேசைக்குத் தையல் வேலை செய்யும் இரண்டு அக்காமார். செட்டை ஒரு மில்லிமீற்றர் கோணினாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

காற்றுக்குப் பட்டம் விடுகிறவர்கள். இந்த விடயத்தில் யாழ்ப்பாணத்துக்கு வாய்த்த செல்வம் வேறு எந்த ஊருக்கும் இல்லை என்று நான் நினைக்கிறேன். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஆள் உயரத்தைவிடப் பெரிய பட்டங்களைக் காற்றின் போக்கறிந்து ஏற்றுகிற கைகள் அங்கே இருக்கின்றன. எங்களோடு வரும் பட்டக்கார அண்ணை ஒரு பிடி உமியை மேலே எறிந்து பார்ப்பார். பிறகு பனை ஓலை அசைவதைப் பார்ப்பார். "நிலத்தில இல்லை, மேல இழுக்குது" என்றால், நாங்கள் ஏவுகோணத்தைக் காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் சரிப்போம். "இப்ப விடாதையுங்கோ" என்றால் நிறுத்திவிடுவோம். 2021 மார்கழியில் வடமராட்சியில் பட்டக் கயிற்றை விடாமல் பிடித்திருந்த இளைஞர் ஒருவர் கயிறோடு வானத்துக்கு இழுபட்ட காணொளியை உலகமே பார்த்தது. நல்லகாலம், உயிர் தப்பினார். பட்டம் விடுபவர்களுக்கு அதைக் காட்டி ஒன்றும் விளக்கத் தேவையில்லை. ஒரே கயிற்றில் பலர் கை வைக்கும் வேலையில் "விடு" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும் என்பது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

எல்லையில் நிற்க நாலு பேர் வேண்டும், நாலு மூலைக்கும். இதுதான் யாரும் விரும்பாத வேலை. ரொக்கெட்டுக்கு முதுகு காட்டிக்கொண்டு, வரம்பால் வரும் சைக்கிளையும் ஆட்டையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். உயர்தரம் படிக்கும் பெடியளைப் போட்டுப் பார்த்தோம், ஐந்து நிமிடத்தில் திரும்பி ரொக்கெட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இப்போது எல்லைக்காரர்களுக்கு ஒரு சலுகை: நாளின் கடைசி நாலு ஏவலையும் கயிறு இழுத்து விடுகிறவர்கள் அவர்கள்தான். அதற்குப் பிறகு எல்லைக்கு ஆள் தேட வேண்டி வரவில்லை. மீதமுள்ளவர் முதலுதவிக்கு. அவரும் விசில்காரரைப்போல் வேறு வேலை செய்யக்கூடாது. பெட்டியில் கண் கழுவும் உப்புநீர், கட்டுத்துணி, சீனியும் உப்பும் கலக்கும் பைக்கற். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வந்தால் வயலுக்குள் எந்த ஒழுங்கையால் இறங்க வேண்டும் என்பதை ஏவல் தொடங்குமுன் அவர் நடந்து பார்த்து வர வேண்டும். அழைப்பை எடுப்பவருக்கு "வைரவர் கோயிலுக்குப் பின்னாலை" என்று சொன்னால் விளங்காது, ஆகவே வீதிப் பெயரும் கிட்டிய சந்தியும் பெட்டி மூடியில் எழுதியிருக்கும்.

ஆள் சேர்ப்பதைவிட ஆளை வைத்திருப்பது கஷ்டம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேலை பழகி முடிகிற நேரத்தில் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போய்விடுவார்கள். சிலர் கனடாவுக்கு. சாதாரணதரப் பரீட்சை வந்தால் ஒரு வகுப்பே காணாமல் போகும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் யாரையும் கேட்கவே கூடாது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர்: ஒருவர் செய்ய, ஒருவர் பக்கத்தில் நின்று பழக. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சி.ஆர். கொப்பி. போகிறவர் அதில் தனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். பம் கொப்பியில் முந்தி இருந்த ஒரு தம்பி எழுதிய வரி எனக்கு மிகவும் பிடிக்கும்: "முள் ஏறாமல் நின்றால் பலமாக அடிக்காதே, ரியூபைப் பார்." புத்தகத்தில் இது கிடைக்காது.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு வயலுக்கு வருகிறவர்கள் வீட்டில் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். பாணும் சம்பலும், தேத்தண்ணியும் களத்திலேயே கொடுக்கிறோம். தூரத்திலிருந்து வருபவர்களுக்கு ஓட்டோக் காசு. புலம்பெயர்ந்த உறவுகள் ஏவுதளம் வாங்க, கமரா வாங்கக் காசு அனுப்ப விரும்புவார்கள். பாணுக்கும் ஓட்டோவுக்கும் அனுப்புங்கள் என்று நான் கேட்டிருக்கிறேன்.

இனி இடம். அறுவடை முடிந்த வயல்தான் எங்களுக்கு வாய்த்த களம். தை, மாசியில் நெல் வெட்டி முடிந்தால் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை தென்மராட்சி வயல்கள் வெறுமையாகக் கிடக்கும், காலையில் காற்றும் அதிகம் இருக்காது. வைகாசியில் சோளகக் காற்று எழும்பிவிட்டால் போத்தலை எங்கே விட்டாலும் ஒரே பக்கம்தான் போகும். ஐக்கிய நாடுகள் சபை 1999இல் அறிவித்த உலக விண்வெளி வாரம் ஒக்ரோபர் 4 முதல் 10 வரை வரும். பாடசாலைகள் அந்த வாரத்தில்தான் எங்களைக் கூப்பிடும். அப்போது இங்கே வயல் விதைப்புக்குப் போய்விடும், மழையும் தொடங்கப் பார்க்கும். ஆகவே பாடசாலை மைதானத்தில் அரை லீற்றர் போத்தலும் 30 பி.எஸ்.ஐ.யும்தான். பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும், அதற்காக அளவைக் கூட்டுவதில்லை. பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து வந்த அழைப்புகளை நாங்கள் எடுப்பதில்லை.

வயலில் நான் முதலில் பார்ப்பது கிணறு. எங்கள் தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டு இல்லை, அல்லது கட்டு முழங்கால் உயரம். விழுந்து வரும் ரொக்கெட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடும் பிள்ளைக்குக் கிணறு தெரியாது. களத்திலிருந்து 150 மீற்றருக்குள் இருக்கும் ஒவ்வொரு கிணற்றையும் சுற்றிக் கயிறு கட்டி, பக்கத்தில் ஒரு பெரியவரைக் கதிரை போட்டு இருத்துகிறோம். இந்தப் பெரியவர்கள் பதினொரு பேர் கணக்கில் வரமாட்டார்கள். கிணறு கூடினால் ஆளும் கூட வேண்டும். ஓடிப்போய் எடுப்பது என்பதே எங்கள் களத்தில் இல்லை. எல்லா ரொக்கெட்டும் விழுந்து, விசில்காரர் பச்சைக் கொடி காட்டிய பிறகு, இரண்டு பெரியவர்களோடு பிள்ளைகள் நடந்து போய் எடுக்க வேண்டும். பனையில் ஏறி நின்றால் அது பனைக்கு. மின்கம்பியில் தொங்கினால் அதை மின்சார சபைக்கு அறிவிப்பதோடு எங்கள் வேலை முடிந்தது.

ஓடிப்போய் எடுக்க விடாததற்கு இந்த மண்ணில் இன்னொரு காரணமும் உண்டு. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை வருடமாக நடந்தது என்பது வீதியால் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். ஆகவே, வருடா வருடம் உழுது விதைக்கும் வயலைத் தவிர வேறு இடத்தில் நாங்கள் விடுவதில்லை. பற்றைக்குள் விழுந்ததைத் தேடுவதில்லை. தெரியாத இரும்புத் துண்டு எதையும் தொடக்கூடாது, நின்ற இடத்திலிருந்து கத்திச் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு நாளும் பிள்ளைகளைக் கொண்டே திரும்பச் சொல்விக்கிறோம். ஒரு போத்தலின் விலை எங்களுக்குப் பெரிதில்லை. பற்றைக்குள் போன போத்தல் எவ்வளவு அழகாகச் செய்ததாக இருந்தாலும் அங்கேயே கிடக்கட்டும்.

சத்தத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வேறு நாட்டு வழிகாட்டிகளில் இது இருக்காது. போத்தல் ஒழுங்காகப் போனால் ஒரு சீறல் மட்டும்தான். ஆனால் எப்போதாவது ஒரு போத்தல் தளத்திலேயே வெடிக்கும். அது பட்டாசுச் சத்தம் இல்லை, நெஞ்சுக்குள் குத்துகிற ஒரு தனி வெடிச் சத்தம். எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் கை நடுங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு போத்தல் வெடித்த காலையில், வயலோரத்து வீட்டு ஆச்சி அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டுப் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய்க் குந்தி இருந்தா. நாங்கள் போய்ச் சொன்ன பிறகும் அவவுக்கு எழும்ப நேரம் எடுத்தது. முதல்நாள் கிராம சேவையாளருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் கடிதம் கொடுத்திருந்தோம். கடிதம் ஆச்சிக்குப் போகாது.

அதற்குப் பிறகு, ஏவலுக்கு முதல்நாள் பின்னேரம் இரண்டு பேர் வயலைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போகிறார்கள். அதில் ஒருவர் கட்டாயம் அந்த ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். என்ன செய்யப் போகிறோம், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், சத்தம் வரலாம் என்று படலையில் நின்று சொல்ல வேண்டும். கையில் ஒரு போத்தலையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். "வீட்டில சத்தத்துக்குப் பயப்பிடுற ஆக்கள் இருக்கினமே?" என்று கேட்க வேண்டும். இருந்தால், அவர்கள் விரும்பினால், களத்துக்குக் கூட்டிவந்து நிழலில் இருத்துகிறோம். என்ன நடக்கிறது என்று கண்ணால் கண்டால் சிலருக்குப் பயம் குறைகிறது. எல்லோருக்கும் இல்லை. ஒரு வீட்டில் "வேண்டாம் பிள்ளையள்" என்றால், களத்தை மாற்றிவிடுவோம். இந்த விடயத்தில் பேரம் பேசுவதில்லை. ஆச்சி இப்போது எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருகிறா. ஆனால் ஏவல் தொடங்கினால் வீட்டுக்குள் போய்விடுவா.

போத்தல் வெடிப்பதைக் குறைக்கச் சோதனை மேசை. காற்றேற்றிய குடிபானம் வந்த போத்தல் மட்டும், தண்ணீர்ப் போத்தல் அழுத்தம் தாங்காது. மடிப்பு, கீறல், வெள்ளைத் தழும்பு இருந்தால் எடுக்கமாட்டோம். வெயிலில் கிடந்ததும் ஆகாது. சூடான பசை போத்தலை இளக்கிவிடும், சில பசைகள் அதை உடையவே வைக்கும், ஆகவே செட்டையை ரேப்பால்தான் ஒட்ட வேண்டும். மூக்குக்கு ஸ்பொஞ் அல்லது ரெனிஸ் பந்து. கம்பி, ஆணி, கூரான எதுவும் இல்லை. சந்தேகமான போத்தலை விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி 90 பி.எஸ்.ஐ. வரை அடித்துப் பார்க்கிறோம். தண்ணீர் அமுங்காது, ஆகவே அப்படியே வெடித்தாலும் பிளந்து ஒழுகுமே தவிரச் சிதறாது. அப்போதும் மேலே ஒரு சாக்குப் போட்டு மூடுவோம். மேசையில் தோற்ற பிள்ளைக்கு அங்கேயே வேறு போத்தல் கொடுத்துத் திருத்திச் செய்ய உதவ இன்னொருவர் இருந்தால் நல்லது. வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால், அடுத்த தடவை அந்தப் பிள்ளை கீறலை ரேப்பால் மறைத்துக்கொண்டு வரும்.

தளத்திலிருந்து பம் ஐந்து மீற்றர், கயிற்றுக்காரர் பத்து, சனம் இருபது. சனத்துக்குச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விழுந்து வருவது கண்ணுக்குத் தெரியாது. காலையில் சனத்தைக் கிழக்குப் பக்கம் நிறுத்தி மேற்கே ஏவினால் சரி. பத்து மணிக்கு மேல் எந்தப் பக்கம் நின்றாலும் கண் கூசும். சித்திரையில் எங்களுக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பத்து மணிக்குப் பிறகு தவறுகள் கூடுவதை விசில் கொப்பியிலேயே பார்க்கலாம், நிறுத்தியவற்றில் பெரும்பாலானவை அந்தக் கடைசி நேரத்தில்தான். ஆகவே ஏழுக்குத் தொடங்கிப் பத்துக்கு மூட்டை கட்டுகிறோம். வரிசையில் மிஞ்சிய பிள்ளைகளுக்கு அடுத்த தடவை முதல் இடம் என்று பெயர் எழுதி, அவர்கள் முன்னாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

ஆள் சேராமல் ஏவல் நின்ற நாட்களும் வீணாகப் போவதில்லை. சனசமூக நிலையத்து விறாந்தையில் இருந்து செட்டை வெட்டுவோம், பழைய போத்தல்களைத் தண்ணீரில் சோதிப்போம், போத்தலைச் சமன் பார்த்துப் பாரப்புள்ளி எங்கே என்று கண்டுபிடிப்போம். நூலில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் மூக்கு முன்னுக்கு நிற்கிறதா என்று பிள்ளைகளே பார்ப்பார்கள். மூக்கு நில்லாதது வயலுக்குப் போகாது. மொறட்டுவையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனம் நடத்தும் நீர் ரொக்கெட் போட்டிகள் பற்றியும், ஆசிய பசிபிக் நாடுகளின் பிள்ளைகள் 2005 முதல் சந்தித்துப் போட்டியிடும் நிகழ்வு பற்றியும் அன்றைக்குத்தான் ஆறுதலாகக் கதைக்க முடிகிறது.

எங்களிடம் இப்போது இரண்டு ஏவுதளங்கள் இருக்கின்றன. பக்கத்து ஊர்களுக்கு இரவல் கொடுக்கிறோம், காசு வாங்குவதில்லை. வருகிறவர்கள் பம், ரியூப், பூட்டு எல்லாம் சரியா என்று கேட்பார்கள். நாங்கள் கேட்பது ஆள் பட்டியலை. பதினொரு பெயரும், ஒவ்வொன்றுக்கும் நேரே வேலையும், பக்கத்தில் நின்று பழகுபவரின் பெயரும் எழுதியிருக்க வேண்டும். விசில்காரரின் பெயருக்கு நேரே வேறு எந்த வேலையும் எழுதியிருந்தால் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம், திருத்திக்கொண்டு வந்த பிறகுதான் ஏவுதளம் வெளியே போகும்.